சர்புதீன் பாய் வெட்டி எறிந்த நடுப்பகுதி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சர்புதீன் பாய் எந்தப் படத்துக்கும் அழுததில்லை. இதை அவரே சொல்வார். கேட்டவர்களிடம் சொல்வார், கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்வார். வளையல் வாங்க வந்த பெண் கையைக் குவித்து அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, "வெள்ளைத் துணியில வெளிச்சம் விழுது, அதப் பாத்துட்டு அழுவுறாங்க. வெளிச்சத்துக்கு ஒரு அம்மாவா, அந்த அம்மாவுக்கு ஒரு கேன்சரா? இன்னா ஜனங்கம்மா!" என்பார். அந்தப் பெண் எந்த வளையலையும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் ஊருக்குப் பிடிக்காது என்று பாய் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

இளவயதில் அவர் சினிமாப் பைத்தியம். அப்பா கடையை ஒப்படைத்துவிட்டுத் தொழப் போனால், மகன் ஷட்டரை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அப்போதெல்லாம் அழுதிருக்கிறார் என்றுதான் அவரோடு படம் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டைப்பூச்சி மேல் பழி போடுவாராம். பிறகு ஒருமுறை சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில், நடைபாதைக் கடையில் சினிமாவைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்து, முன்பக்கங்கள் போய், பாதிப் புத்தகம்தான் இருந்தது. எழுதியவர் யாரென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதனால் அதில் இருந்ததையெல்லாம் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமாகவும் இருக்கவில்லை.

அந்தப் பாதிப் புத்தகம் அவரை முழு அறிஞர் ஆக்கிவிட்டது. பூமாலை டீக்கடையில் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தால் பாடம் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். முதல் மாணவர் பகலவன். பக்கத்துத் தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர், வேறு போக்கிடம் இல்லாதவர். அவரை வைத்துக்கொண்டு பாய் அடிக்கடி நடத்தும் பாடம் ஆட்டுப் பாடம்.

"ஒரு ஆட்டு மூஞ்சிய எடுக்கறோம் பகலவன். அது சும்மா பாத்துக்கினு நிக்குது. அடுத்தாப்ல ஒரு புல்லுக்கட்டக் காட்டறோம். நீ இன்னா சொல்லுவ?"

"ஆட்டுக்குப் பசி பாய்."

"அதே ஆடு, அதே மூஞ்சி. புல்லுக்கட்ட எடுத்துட்டு கறிக்கடைக் கத்திய வைக்கறோம். இப்ப?"

"ஐயோ பாவம், பயந்துகினு இருக்குது."

"ஆடு புல்லையும் பாக்கல, கத்தியையும் பாக்கல. கேமரா வெச்சவன் மூஞ்சியப் பாத்துச்சி. பசியும் பயமும் உன்னுதுய்யா! ரெண்டு துண்டுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்குது. அத நீ ரொப்பற. ரொப்பிட்டு, கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ற. சினிமான்றது அவ்ளோதான்."

இந்தப் பாடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்தியமான வார்த்தை. கடைவீதியில் பாதிப் பேருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

பாயின் மனைவி மஹ்ஜபீன் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேராதவர். கல்யாணமான புதிதில் பாய் அவரைப் படத்துக்குக் கூட்டிப்போய், எந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள், எங்கே வெட்டினார்கள், மழைக்கு எங்கே குழாய் வைத்தார்கள் என்று முதலிலிருந்து கடைசிவரை காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அவரோடு கொட்டகை வாசலை மிதிக்கவில்லை. வீட்டில் சீரியல் பார்ப்பார். மனம்விட்டு அழுவார், திட்டுவார், மறுநாள் மருமகளுக்கு என்ன ஆகப்போகிறதென்று முதல்நாளே சரியாகச் சொல்லிவிடுவார். "கிளிசரினுக்குக் கண்ணீர் விடற ஒரே பொம்பள நீதான்" என்று பாய் சிரிப்பார். "அழுதா மனசு லேசாவுதுங்க. உங்களுக்குத்தான் அது கனத்துக்கினே போவுது" என்பார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைக்குக் கேமரா வந்தது போன வருஷம். பகலவன்தான் மாட்டினார். எங்கே வைப்பது என்று பார்க்கும்போது பாய் ஒரு நிபந்தனை போட்டார். கல்லாவும் அதற்குப் பின்னால் தன் நாற்காலியும் படத்தில் விழக்கூடாது.

"டைரக்டர் எந்தப் படத்துலயாவது உள்ள வந்து நிப்பானா? நான் பாக்கறவன்யா. என்ன எதுக்குப் பாக்கணும்?"

பகலவன் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பாய் அதன் கீழே ஒரு அட்டை எழுதி ஒட்டினார். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், கேமராவில் பதிவதே மெய்.' தீர விசாரிப்பதே மெய் என்று முன்னோர் முடித்து வைத்ததை இப்படித் திருத்தியதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சினிமாக் கேமரா பொய், கடைக் கேமரா மெய்யா என்று பகலவன் ஒருநாள் கேட்டார். "அது கத. இது நிஜம். இதுல பாட்டு இருக்குதா, மேக்கப் இருக்குதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அந்த மெய்யான கேமராவின் கீழே வேலை செய்தவள் இருசம்மாள். கச்சிராயபாளையத்துப் பக்கம் மலையடிவாரத்து ஊர். காலையில் டவுன் பஸ்ஸில் வந்து கடையைப் பெருக்கி, கண்ணாடி அலமாரிகளைத் துடைத்து, வந்த சரக்கைப் பிரித்து அடுக்கி, சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவாள். பல வருஷமாக அப்படித்தான். அவள் ஊரிலிருந்து அதே பஸ்ஸில் வரும் பெண்கள் கடைவீதியில் வேறு வேறு கடைகளில் வேலை பார்த்தார்கள். கரும்பு வெட்டும் வேலையிலிருந்து தப்பி நிழலில் நிற்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சான்றிதழ், கை சுத்தம் என்ற பெயர்தான்.

கடையில் மேல்தட்டில் ஒரு சின்ன சீசா இருந்தது. ஊத் அத்தர், அகில்கட்டை வாசனைத் தைலம். பாயின் மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. கட்டை விரல் உயரம்தான் இருக்கும். விற்பதற்கல்ல, காட்டுவதற்கு. இருசம்மாள் அதைத் துடைக்க எடுக்கும்போதெல்லாம் பாய் நாற்காலியிலிருந்து, "பாத்தும்மா, அது ஒசத்தி சரக்கு" என்பார். அவள் திரும்பி அவரைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்தில் வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை பாய் நிமிர்ந்து பார்த்தால் சீசா இல்லை.

தேடினாரா? தேடவில்லை. கேமரா இருக்கும்போது தேடுவானேன்? போனில் முதல்நாள் வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்து ஓட்டினார். காலையில் இருசம்மாள் சீசாவை எடுக்கிறாள். கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு பார்வை பார்க்கிறாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கும் கள்ளப் பார்வை அது! அவள் பார்த்த பக்கம் உட்கார்ந்து "பாத்தும்மா" என்று சொன்ன ஆள் படத்தில் இல்லை. அந்த ஆள்தான் டைரக்டர் ஆயிற்றே. அதற்குமேல் பொறுமை இல்லாமல் விரலால் இழுத்து வேகமாக ஓட்டினார். மத்தியானத்துக்கு மேல் நிறுத்தினால், தட்டில் சீசா இருந்த இடம் காலி. இருசம்மாள் அதன் கீழே நின்று இடுப்பில் எதையோ செருகிக்கொள்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கட்டம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக் கட்டத்தில் பாய் சீசாவைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மூடிமேல் இருந்த தங்க வளையத்தைக்கூடப் பார்த்துவிட்டார்.

முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஒட்டினார். நடுவில் இருந்ததை வெட்டி எறிந்தார். வாட்ஸ்அப்பில் நீளமான படம் போகாது, போனாலும் ஒருவனும் பார்க்கமாட்டான். தேவையில்லாததை வெட்டுவதுதான் கலை என்று பாதிப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறது.

அன்று சாயங்காலம் இருசம்மாளைக் கூப்பிட்டு, "நாளைலேந்து வராத" என்றார். அவள் ஏன் என்று கேட்டாள். போனைக் காட்டினார்.

"ஐயோ, அது தொடைக்கிற துணிங்க பாய்! தெனம் அங்கதான செருவுவேன்!" என்று அவள் அந்தக் கறுப்புத் துணியை இடுப்பிலிருந்து உருவிக் காட்டினாள்.

"நீ பொய் சொல்லலாம். கேமரா பொய் சொல்லாது."

அவள் அழுதுகொண்டே பஸ் நிலையத்துக்குப் போனாள். பாய் துண்டுப்படத்தைக் கடைவீதி வியாபாரிகள் குழுவில் போட்டு, 'வேலையாட்கள் விஷயத்தில் உஷார்' என்று மட்டும் எழுதினார். எது காணாமல் போனது என்று எழுதவில்லை. அத்தர் சீசா என்றால் சிரிப்பார்களே என்ற யோசனை அவருக்கு இருந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அவள் இடுப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். இன்னொருவன் திகில் இசை சேர்த்தான். எல்லாரையும்விட வேலை மெனக்கெட்டு, சேலத்தில் சரக்கு எடுக்கப் போன இடத்திலிருந்தே ஊரெல்லாம் அனுப்பி வைத்தவர் பாத்திரக்கடை சுபைர். 'இந்த மூஞ்சியை நல்லாப் பாத்து வெச்சுக்குங்க' என்று வாசகம் எழுதியவரும் அவர்தான். இருசம்மாள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் படம் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டில் மஹ்ஜபீனும் அதைப் பார்த்தார். ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நடுவுல இன்னா ஆச்சி?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதத எதுக்கு வெட்டினீங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"மொதத் துண்டுல தரையில வெயில் அடிக்குது, ரெண்டாவதுல வெயிலே இல்ல. எங்க சீரியல்ல விளம்பரம் போட்டாக்கூட, அந்நேரம் இன்னா நடந்துச்சின்னு அடுத்த நாள் சொல்லிடுவாங்க. நீங்க அதுக்கும் மோசமா இருக்கீங்களே!"

பாய்க்குக் கோபம் வந்தது. சீரியல் பார்க்கிறவளிடம் சினிமாக் கலையைப் பேசியது தன் தப்பு என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் பாய் கடைவீதியில் ஒரு சுற்று பெருத்துத்தான் நடந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லவேள காட்டிக் குடுத்தீங்க பாய்" என்றார்கள். இருசம்மாள் ஊர்ப் பெண்கள் வேலை பார்த்த கடைகளில் சாயங்காலம் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். அதனால் பஸ்ஸில் அந்தப் பெண்களுக்கு இருசம்மாள் பெயரைக் கேட்டாலே எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு எழுந்தபோது சுபைர் எதிரே வந்தார். பளபளவென்று ஜிப்பா.

"இந்தாங்க பாய், உங்க அத்தரு. போன ஜும்மாவுல வரிசையில குடுத்து அனுப்புனீங்களே, என்கிட்டயே தங்கிப் போச்சி. ஜிப்பாப் பையில போட்டேன், இன்னிக்கு எடுத்து மாட்டும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டுச்சி. அல்லா, இன்னா வாசன! வூடே மணக்குது!"

சீசா பாயின் உள்ளங்கையில் இருந்தது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பும்போது, நாலு பேருக்குப் பெருமையாகக் காட்டலாமே என்று சீசாவை அவரேதான் தட்டிலிருந்து எடுத்தார். பள்ளிவாசலில் பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டில் தடவிவிட்டார். அவர் சீசாவை வாங்கி இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். சீசா வரிசையில் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்போதே இமாம் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். குத்பா நடக்கும்போது வாய் திறக்கக்கூடாது. 'சீசாவைத் திருப்பி அனுப்புங்கப்பா' என்று சொல்லவும் கூடாது. தொழுகை முடிந்ததும் கேட்கலாம் என்றிருந்தவர், வாசலில் ஒருவர் புதுப்படம் ஒன்றைப் புகழ்ந்ததும் அதன் கடைசிக் காட்சி ஏன் எடுபடவில்லை என்று விளக்கப் போய், அத்தரை அடியோடு மறந்துவிட்டார். சுபைரோ வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் ஜிப்பாவைத் துவைப்பானேன் என்று ஆணியில் மாட்டியவர். ஜிப்பாப் பையில் சீசா தொங்க, கையில் போனை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் வாரம் முழுக்கத் திருடியின் முகத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறார்.

பாய் சீசாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைய பயானில் இமாம் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பேசாமல் தட்டில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை ஓடியது. யாருக்குத் தெரியப்போகிறது? வேலைக்காரிக்கு வேறு வேலை கிடைக்காதா? நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர்களுக்கும் இந்த யோசனை இவ்வளவு சுலபமாகத்தான் வருகிறது.

ஆனால் ஊத் அத்தர் ரகசியம் காக்கத் தெரியாத சரக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் மஹ்ஜபீன் மூக்கை உறிஞ்சினார். பாயின் ஜிப்பாப் பையில் கை விட்டு சீசாவை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். போனை அவர் முன்னால் தள்ளினார்.

"அந்த நடுவுல வெட்டினத இப்பப் பாருங்க."

பார்த்தார்கள். இருசம்மாள் சீசாவைத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். வெயில் தரையில் மெல்ல நகர்கிறது. யாரும் இல்லை. பிறகு படத்தின் ஓரத்திலிருந்து, வெள்ளை ஜிப்பாக் கை ஒன்று மட்டும் உள்ளே நீள்கிறது. உடம்பும் இல்லை, முகமும் இல்லை. கை சீசாவை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுகிறது.

"யார் கை அது?" என்றார் பாய். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மோதிரம் யார் போட்டதுன்னு தெரியலியா? எங்க அப்பா போட்டது."

மறுநாள் பாய் ஒரு டஜன் நல்ல வளையலும் ஒரு பெட்டி இனிப்பும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார். கச்சிராயபாளையம் தாண்டி, இருபுறமும் கரும்பு நிற்கும் பாதையில் விசாரித்துக்கொண்டே போனார். அவர் இருசம்மாள் வீடு எது என்று கேட்டதும், "அந்தப் படத்துல வர்றவளா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழி சொன்னார்கள். அவள் கரும்புத் தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் வேடியப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன், பாயைக் கண்டதும் எழுந்து நின்றான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

பாய் எல்லாவற்றையும் சொன்னார். சீசா, வரிசை, குத்பா, ஜிப்பா. இருசம்மாள் கடைசியில் கேட்டாள்.

"அப்ப அது கெடச்சிடுச்சிங்களா?"

"கெடச்சிடுச்சிம்மா."

"நல்லாத் தெரியுங்களா, நான் எடுக்கலன்னு?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? எடுத்தது நான்."

"இல்லீங்க. மொதல்ல நான் எடுக்கலன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சிது. எங்க ஊருப் புள்ளைங்க எல்லாம் போன்ல காட்டிக் காட்டிக் கேட்டுச்சுங்க. திரும்பத் திரும்பப் பாத்தேன். பாக்கப் பாக்க எனக்கே, எடுத்துட்டு மறந்துட்டனோன்னு ஆயிடுச்சி. ஒருநாள் வூட்ல அரிசிப் பானைக்குள்ள கைய வுட்டுத் தேடுனங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நடத்திய பாடங்களில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. பார்க்கிறவன் ஓட்டையை ரொப்புவான் என்று அவருக்குத் தெரியும். ஆடே வந்து தன் படத்தைப் பார்த்தால் ஆட்டுக்கு என்ன ஆகும் என்று அவர் யோசித்ததில்லை.

"திரும்ப வேலைக்கு வாம்மா" என்றார்.

"வந்து? வர்றவங்க வளையலப் பாப்பாங்களா, என் இடுப்பப் பாப்பாங்களா?"

வளையலையும் அவள் வாங்கவில்லை, இனிப்பையும் வாங்கவில்லை. திரும்பும் வழியில் பாய் பைக்கைக் கரும்பு ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். நன்றாகவே அழுதார். பக்கத்தில் யாரும் இல்லாததால் மூட்டைப்பூச்சி மேல் பழி போடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கடைக்கு வந்ததும் போனைச் சாய்த்து வைத்து, தன் முகத்தைத் தானே படமெடுத்தார். பார்க்கிறவன் படத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. 'இருசம்மாள் எதையும் எடுக்கவில்லை. எடுத்தது நான். அவள்மேல் பழி சொன்னது என் தப்பு' என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அதையும், கை வந்து சீசாவை எடுக்கும் நடுப்பகுதியையும் சேர்த்து அதே குழுவில் போட்டார்.

பதில்கள் வந்தன. சிரிப்புப் பொம்மைகள், கைதட்டல் பொம்மைகள். 'பாய், நடிப்பு சூப்பர்.' 'கண்ணுல தண்ணி வர்ற எடத்துல பின்னிட்டீங்க.' 'அந்தக் கை கிராபிக்ஸ் யார் பண்ணது?' வேலைக்காரி புருஷன் ஏதோ மிரட்டியிருக்கிறான், பாய் பயந்து படம் போடுகிறார் என்று தனியாக ஒரு கதையும் கிளம்பியது. இதற்கு வட்டம் போடவும் ஆளில்லை, இசை சேர்க்கவும் ஆளில்லை. ஒருவரும் இதை வேறு யாருக்கும் அனுப்பவும் இல்லை.

பாய் டீக்கடைக்கு ஓடினார். "பகலவன், அது நெசம்யா! கை என்னுதுதான்!"

பகலவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாய், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? படம்னா வெட்டி ஒட்றது, கண்ணீர்னா கிளிசரின், நம்பறவன் முட்டாள்னு. எங்களுக்கு நல்லாவே வெளங்கிடுச்சி. இப்ப வந்து மாத்திச் சொன்னா எப்படி?"

இத்தனை வருஷம் பாயை ஒருவர்கூட எதிர்த்துப் பேசியதில்லை, அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னதைத்தான் சொன்னார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் டவுன் பஸ்ஸில் இருசம்மாள் வந்தாள். கடைக்குள் ஏறவில்லை. வாசலில் நின்றாள்.

"உங்க படத்தக் கடையில பாத்துட்டு எங்க ஊருப் புள்ளைங்க வந்து சொல்லிச்சுங்க. ஜனங்க சிரிக்குது. படம் வாணாம். எறங்கி வாங்க, போவலாம்."

"எங்கம்மா?"

"ஒவ்வொரு கடையா."

பாய் கல்லாவைப் பூட்டிவிட்டு இறங்கினார். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். முதல் கடை வெற்றிலை மண்டி. பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பாக்கறவங்க மனசுன்றது இருக்குது பாருங்க..." என்று தொடங்கினார்.

"அது வாணாங்க" என்றாள் இருசம்மாள். "யாரு எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நான்தான் எடுத்தேன். இவங்க எடுக்கல."

மண்டிக்காரர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றுவிட்டது. எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் ஒருத்தியைப் பார்த்துப் பொம்மை போட்டுச் சிரிக்க முடியவில்லை போலிருக்கிறது. "அப்டிங்களா" என்றார் மெதுவாக. கல்லாமேல் இருந்த சொம்பை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

துணிக்கடை, மளிகைக் கடை, செருப்புக்கடை என்று போனார்கள். வாழ்நாளில் அவ்வளவு சின்ன வசனத்தைப் பாய் பேசியதில்லை. சொல்லச் சொல்ல நாக்கு கனத்தது. சில கடைகளில் நம்பினார்கள். சில கடைகளில் தலையை ஆட்டினார்கள், நம்பினார்களா தெரியாது. செருப்புக்கடையில் வேலை பார்த்த அவள் ஊர்ப் பெண் ஒருத்தி மட்டும் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, நானும்தான் பேசாம இருந்துட்டேன்" என்றாள். இருசம்மாள் அவள் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள்.

கடைசியாகப் பாத்திரக்கடை. பாய் படியில் ஏறி நின்று சொன்னார்: "சுபைர், நான்தான் எடுத்தேன். உன் ஜிப்பாவுல இருந்துச்சே, அதே அத்தருதான். அதுக்குத்தான் இவங்களத் திருடின்னோம்."

சுபைருக்கு முகம் வெளிறியது. அவசரமாகப் பையில் கை விட்டுப் போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"பாய், இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் படம் பிடிச்சுக்கறேன். எல்லாருக்கும் அனுப்பிடலாம்."

பாய் தன்னை அறியாமல் ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். இருசம்மாள் இடுப்பிலிருந்து அந்தக் கறுப்புத் துணியை உருவி, சுபைர் கையிலிருந்த போனின் மேல் போட்டு மூடினாள்.

"எதுக்குங்க அது? நான் இங்கதான நிக்கறேன். கண்ணால பாருங்க."